அக்ரிலிக் ஒட்டும் எம்.டி.சி.: கையாளும் முறையும் காலை வாரும் இடங்களும்

பெயர்ப் பலகை செய்யும் போர்டு கடையிலோ அக்ரிலிக் பட்டறையிலோ ஒரு வாரம் வேலை பார்த்தவர் எவருக்கும், அக்ரிலிக் என்கிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்கை ஒட்டும் இந்தத் திரவம் தெரியாமல் இருக்காது. தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், லேசான தித்திப்பு வாசனை, கையில் ஒரு சொட்டு விழுந்தால் ஐஸ் வைத்த மாதிரி ஜில்லென்று இருக்கும், அடுத்த நொடி காணாமல் போய்விடும். சிலர் எம்.டி.சி. என்பார்கள், சிலர் வெறும் ‘சொல்யூஷன்’ என்பார்கள், பாதிப் பேர் பாட்டிலில் எது இருந்தாலும் ‘குளோரோஃபார்ம்’ என்றுதான் சொல்வார்கள். இதை வைத்து எப்படி வேலை செய்வது, எங்கே கவனமாக இருப்பது என்று கேட்டு மாதம் ஒருவராவது எனக்கு போன் செய்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மீத்தேனில் ஒரு கார்பனும் நான்கு ஹைட்ரஜனும் உண்டு. அந்த ஹைட்ரஜனை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் குளோரினை வைத்துக்கொண்டே போனால், ஒன்று மாற்றினால் குளோரோமீத்தேன், இரண்டு மாற்றினால் டைகுளோரோமீத்தேன், மூன்று மாற்றினால் குளோரோஃபார்ம், நான்கும் போனால் கார்பன் டெட்ராகுளோரைடு. நம் ஆள் இரண்டாவது. மெத்திலீன் குளோரைடு, மெத்திலீன் டைகுளோரைடு, எம்.டி.சி., டி.சி.எம். எல்லாம் இதே சரக்குதான். மருந்து தயாரிக்கும் ஆலைகளில் டன் கணக்கில் ஓடுவது, பெயின்ட் ரிமூவர் டப்பாவில் இருப்பது, ஒரு காலத்தில் காபிக் கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரிக்கப் பரவலாகப் பயன்பட்டு இன்னும் சில இடங்களில் பயன்படுவது, எல்லாம் இதுவே. தூரத்தில் எங்கோ தயாராகிற பொருளும் இல்லை, மேட்டூரில் உள்ள கெம்பிளாஸ்ட் சன்மார் ஆலையில் இந்தக் குளோரோமீத்தேன் குடும்பம் உற்பத்தியாகிறது. அறிவியல் கண்காட்சியில் கண்ணாடிக் கோப்பைக்குள் மூக்கை விட்டு விட்டுத் தலையாட்டும் தண்ணீர் குடிக்கிற பறவை பொம்மையைப் பார்த்திருப்பீர்கள், அதன் வயிற்றில் கலர் கலராக இருப்பதும் பெரும்பாலும் இதே டைகுளோரோமீத்தேன்தான். லேசாக வெப்பநிலை மாறினாலே இதன் ஆவியின் அழுத்தம் மாறி, திரவம் கழுத்து வழியே மேலே ஏறி இறங்குவதால்தான் அந்தப் பறவை ஆடிக்கொண்டே இருக்கிறது. (வீட்டில் அது உடைந்தால் குழந்தைகளை வெளியே அனுப்பி ஜன்னலைத் திறந்து வையுங்கள், வெறுங்கையால் துடைக்காதீர்கள்.)

இந்த வேலைக்கு வந்த புதிதில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் புரிந்தது. பத்துக்குப் பன்னிரண்டு கடை, பாதி இறக்கிய ஷட்டர், உள்ளே ஏ.சி. தூசி ஒட்டக் கூடாது என்று எல்லாவற்றையும் சாத்திவிட்டு நாள் முழுக்க எழுத்து ஒட்டுவோம். சாயங்காலம் ஆனால் தலை விண் விண் என்று தெறிக்கும், குமட்டும், சாப்பாடு இறங்காது. பித்தம் என்று அம்மா சொன்னாள், நானும் நம்பி இஞ்சிச் சாறாகக் குடித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பித்தம் வராது என்பது எனக்கு உறைக்க இரண்டு மாதம் ஆனது. கடையில் மூத்த ஆளிடம் கேட்டால், “வாசம் பழகுற வரைக்கும்தான் தம்பி, அப்புறம் ஒண்ணும் தெரியாது” என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. பழகியபின் ஒன்றும் தெரியாது, ஆபத்தும் அதுதான்.

அந்தத் தலைவலி ஏன் சாயங்காலம் வந்தது என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். மூச்சில் போகும் எம்.டி.சி. ஆவி முதலில் மூளையை மந்தமாக்குகிறது, குடித்த மாதிரி லேசான மப்பு, கால் தள்ளாட்டம். அதோடு நின்றால் பரவாயில்லை. ஈரல் இதை உடைக்கும்போது அதில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. ஆமாம், அடைத்த அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்குகிறவர்களைக் கொல்லும் அதே வாயு, இங்கே நம் உடம்புக்குள்ளேயே உற்பத்தியாகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவேண்டிய சீட்டில் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும். கொழுப்பில் போய்த் தங்கிய எம்.டி.சி. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும் என்பதால், கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தபிறகும் சில மணி நேரம் இந்த உற்பத்தி ஓடிக்கொண்டிருக்கும். இதய நோய் உள்ளவர்கள், ரத்த சோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இந்த வேலைப் பக்கமே வரக் கூடாது என்று நான் கறாராகச் சொல்வது இதனால்தான். சிகரெட் பிடிப்பவர் ரத்தத்தில் ஏற்கெனவே கார்பன் மோனாக்சைடு கொஞ்சம் இருக்கும், அதன்மேல் இதுவும் சேரும். நீண்ட காலக் கணக்கில் பார்த்தால், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்கிற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது.

வாசனையை நம்பாதீர்கள்

பெட்ரோல் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும், காஸ் கசிந்தாலும் சொல்லிவிடும். இது அப்படி இல்லை. காற்றில் சுமார் 200 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கில் 200 பங்கு சேர்ந்தபிறகுதான் பெரும்பாலானவர்களுக்கு இதன் வாசனை தெரியும். அமெரிக்காவில் தொழிலிடப் பாதுகாப்புத் துறை 1997 முதல் வைத்திருக்கும் வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக 25 பி.பி.எம். 2024-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை அதையும் குறைத்து 2 பி.பி.எம். என்று வைத்துவிட்டது, பெரும்பாலான பயன்பாடுகளையும் நிறுத்தச் சொல்லிவிட்டது. வாசனை வரும்போதே வரம்பைப் பல மடங்கு தாண்டியிருக்கிறீர்கள், கொஞ்ச நேரத்தில் மூக்கும் பழகிவிடும், ‘வாசமே இல்லையே’ என்று நீங்கள் நிம்மதியாக உட்கார்ந்திருப்பீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், ஒரு பேப்பரில் நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம், காற்று வெளியே போக வழியில்லை. ஐந்து மில்லி சிரிஞ்ச் ஒன்று காலியாகிற அளவுக்கு எம்.டி.சி. அதில் ஆவியானால் கிட்டத்தட்ட 70 பி.பி.எம். வந்துவிடும். வெறும் ஐந்து மில்லி, இருமல் மருந்து ஒரு ஸ்பூன். அதுவே 100 மில்லி என்றால் 1,300-ஐத் தாண்டும். உடனடியாக உயிருக்கு ஆபத்து என்று அமெரிக்கத் தொழில்சார் ஆய்வு நிறுவனம் குறித்திருக்கும் அளவு 2,300. இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான் நான் கடையின் பின்சுவரை உடைத்தேன்.

இடத்தைச் சரிசெய்வதுதான் முதல் வேலை

ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கும். ஆகவே ஏ.சி. போட்ட அறையில் இந்த வேலை கிடையாது, பேச்சே இல்லை. சீலிங் ஃபேனும் ஆவியைக் கலக்கிவிடுமே தவிர வெளியே தள்ளாது. மொட்டை மாடி, திறந்த திண்ணை, இரண்டு பக்கமும் திறந்த ஷெட், இதில் எது கிடைத்தாலும் அது பாதி வேலையை முடித்துவிடும். உள்ளேதான் செய்தாக வேண்டும் என்றால் மேசைக்கு நேர் பின்னால், மேசை உயரத்திலேயே சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள். வழக்கமாக நாம் கூரைக்குக் கீழே சமையலறை மாதிரி உயரத்தில் வைப்போம், புகை மேலே போகும் என்பதால். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது, கிட்டத்தட்ட மூன்று மடங்கு, அதனால் சிந்திய இடத்திலிருந்து மேசை விளிம்பு வழியாகக் கீழே வழிந்து தரையில் தேங்கப் பார்க்கும். மேசைக்கு அடியில் விளையாடும் குழந்தையையும் பாயில் படுத்திருக்கும் நாயையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து, வேலையைத் தாண்டி, வெளியே போகவேண்டும். டேபிள் ஃபேனை நேராக ஒட்டும் இடத்தில் அடிக்க விடாதீர்கள், திரவம் உடனே காய்ந்து ஒட்டு கெட்டுப்போகும். இழுக்கிற காற்றுதான் வேண்டும், அடிக்கிற காற்று அல்ல.

மாஸ்க் பற்றி எல்லோரும் கேட்பார்கள். துணி மாஸ்க், சர்ஜிகல் மாஸ்க், என்-95 எல்லாம் தூசிக்கானவை, ஆவி அவற்றைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பெயின்டர்கள் போடும் கரி கார்ட்ரிஜ் மாஸ்க்கும் இந்த ஒரு பொருளுக்குச் சரிவராது, மூலக்கூறு சிறிது என்பதால் சீக்கிரமே கரியைத் தாண்டி உள்ளே வந்துவிடும், வந்தது வாசனையாலும் தெரியாது. வெளியிலிருந்து குழாயில் சுத்தமான காற்று வரும் கருவிதான் தொழிற்சாலைகளில் ஒத்துக்கொள்ளப்பட்டது. அது நம் கடையில் நடக்கிற காரியம் இல்லை, அதனால்தான் காற்றோட்டத்தையே பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்.

கையுறையும் அதே கதை. நீல நிற நைட்ரைல் கையுறையை இது ஓரிரு நிமிடத்தில் ஊடுருவிவிடும், வெள்ளை லேடெக்ஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம். கையுறைக்குள் புகுந்துவிட்டால் ஆவியாக வழியில்லாமல் தோலோடு ஒட்டிக்கொண்டு எரிக்கும், வெறுங்கையில் விழுந்து பறந்துபோவதைவிட இது மோசம். வாட்ச் வாருக்கு அடியில், செருப்பு வாருக்கு அடியில் மாட்டிக்கொண்டாலும் இதேதான், கொப்புளம் போட்டுவிடும். பல அடுக்குப் படலத்தால் செய்த கெமிக்கல் கையுறை என்று ஒன்று இருக்கிறது, தொளதொளவென்று பிளாஸ்டிக் பை மாதிரி இருக்கும், தேடித்தான் வாங்கவேண்டும். அதை உள்ளே போட்டு மேலே நைட்ரைல் போட்டால் பிடிமானமும் கிடைக்கும். சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகச் செய்யும் வேலைக்கு நைட்ரைல் போட்டுக்கொண்டு, ஒரு சொட்டு பட்டாலும் உடனே கழற்றி எறிந்து வேறு மாட்டுவது என்று நான் வைத்திருக்கிறேன். கண்ணாடி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இப்போது வரும் லேசான பிளாஸ்டிக் லென்ஸ்களில் பாலிகார்பனேட் வகையை இது கரைத்துவிடும். என் மூக்குக் கண்ணாடியில் ஒரு துளி தெறித்ததைச் சட்டை நுனியால் துடைத்தேன், அவ்வளவுதான், பனிமூட்டத்துக்குள் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. கண்ணுக்குள் போகாமல் லென்ஸோடு போனதே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

வாங்குவது, வைப்பது

இதன் கொதிநிலை 40 டிகிரிக்கு ஒரு நூலிழை கீழே, 39.6 டிகிரி செல்சியஸ். கத்திரி வெயிலில் வேலூரிலும் கரூரிலும் நிழலிலேயே அந்த வெப்பம் வந்துவிடுகிறது. வண்டி சீட்டுக்கு அடியில் வைத்து மத்தியானம் முழுக்க வெயிலில் நிறுத்திவிட்டு வந்து பாட்டில் மூடியைத் திருகினால் சோடா பாட்டில் மாதிரி புஸ்ஸென்று முகத்தில் அடிக்கும். வாங்கிய பாட்டிலை அரைமணி நேரம் பக்கெட் தண்ணீரில் நிற்கவைத்து, மூடியை முகத்துக்கு எதிர்த் திசையில் சாய்த்து, மெதுவாக, அழுத்தம் இறங்க இறங்கத் திறக்க வேண்டும். சாப்பாடு வைக்கும் ஃப்ரிட்ஜில் வைப்பது என்ற யோசனை யாருக்காவது வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

பழுப்புக் கண்ணாடி பாட்டில்தான் சரி. தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தருகிற கடைகள் இருக்கின்றன, வாங்காதீர்கள். பிளாஸ்டிக் இளகுவது ஒரு பக்கம், தாகத்தில் ஒருவர் எடுத்துக் குடித்துவிடுவார் என்பது அதைவிடப் பெரிய பயம், பார்க்க அச்சு அசலாகத் தண்ணீர்தானே. அலுமினியப் பாத்திரம், அலுமினிய கேன் கூடாது, குளோரின் சேர்ந்த இந்த வகைக் கரைப்பான்கள் அலுமினியத்தோடு வினைபுரியக் கூடியவை. கால் லிட்டர் போதும் என்றால் கால் லிட்டர் மட்டும் வாங்குங்கள், விலை சல்லிசு என்று ஐந்து லிட்டர் கேன் வாங்கி வீட்டில் வைத்திருப்பது வேண்டாத வேலை.

அப்புறம் நெருப்பு. ‘இது பெட்ரோல் மாதிரிப் பற்றாது’ என்று தைரியம் சொல்வார்கள், பாதி சரி, சாதாரணமாகத் தீக்குச்சி வைத்தால் திரவம் பற்றுவதில்லை. ஆனால் ஆவி தணலிலோ சூடான உலோகத்திலோ பட்டால் சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடும் பாஸ்ஜீனும் உண்டாகும். பாஸ்ஜீன் முதல் உலகப் போரில் விஷ வாயுவாகப் பயன்பட்டது. மூச்சில் போன அன்று லேசான இருமலோடு விட்டுவிடும், ஒரு நாள் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். போர்டு கடையில் ஒரே மேசையில் ஒரு பக்கம் எழுத்து ஒட்டுவது, இன்னொரு பக்கம் எல்.இ.டி. மாட்யூலுக்கு சால்டரிங் செய்வது என்று வைத்திருப்பார்கள், அதைப் பிரியுங்கள். பீடி, சிகரெட் அந்த இடத்தில் கூடாது. சாயங்காலம் விளக்கேற்றிச் சாம்பிராணி போடும் பழக்கம் உள்ள கடை என்றால், ஒட்டும் வேலையை அதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அப்புறம் சாமி கும்பிடுங்கள்.

இனி ஒட்டுகிற வேலை

இது பசை இல்லை என்பதை மனதில் வைத்தால் எல்லாம் எளிது. எம்.டி.சி. இரண்டு பக்க அக்ரிலிக்கையும் மேலோட்டமாகக் கரைக்கிறது, கரைந்த இரண்டும் ஒன்றோடொன்று கலக்கின்றன, திரவம் பறந்ததும் ஒரே துண்டாக இறுகிவிடுகிறது. வெல்டிங் மாதிரி. ஆகவே இடைவெளியை இது நிரப்பாது, விளிம்பு இரண்டும் முடியளவுகூட வெளிச்சம் தெரியாமல் பொருந்தி உட்கார வேண்டும்.

ரம்பத்தில் அறுத்த விளிம்பு என்றால் ஸ்கிரேப்பர் வைத்து நேராகச் சுரண்டி, தேவைப்பட்டால் தட்டையான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்துச் சமப்படுத்துங்கள். கையில் தாளைப் பிடித்துத் தேய்த்தால் விளிம்பு வளைந்துபோகும். பளபளப்புக்காக நெருப்புக் காட்டிய விளிம்பில் எம்.டி.சி. வைக்கவே கூடாது, கண்ணாடி விரிசல் மாதிரி நூல் நூலாகக் கோடு விழும். லேசரில் வெட்டிய விளிம்புக்கும் இந்த வியாதி உண்டு, சூட்டில் உள்ளே இறுக்கம் தங்கிவிடுவதால். இயந்திரத்தில் பிதுக்கி எடுத்த எக்ஸ்ட்ரூடட் ஷீட்டைவிட, அச்சில் வார்த்த காஸ்ட் ஷீட் இதை நன்றாகத் தாங்கும். முக்கியமான வேலை என்றால் வெட்டிய துண்டுகளைச் சமையலுக்குப் பயன்படுத்தாத ஓவனில் 80 டிகிரியில் சில மணி நேரம் வைத்து மெதுவாக ஆறவிட்டு ஒட்டுங்கள், இறுக்கம் தளர்ந்துவிடும். காப்புத் தாளை ஒட்டும் இடத்தில் ஒரு அங்குலத்துக்காவது உரித்துவிட வேண்டும். செல்லோடேப்பை ஒட்டு வரைக்கும் கொண்டுவராதீர்கள், திரவம் டேப்புக்கு அடியில் ஊர்ந்துபோய் அசிங்கமான ஒரு தடத்தை விட்டுவிடும், அது எத்தனை பாலிஷ் போட்டாலும் போகாது.

துண்டுகளை மூலைச்சட்டத்தில் நிற்கவைத்து, ஒட்டு படுக்கைவாட்டில் இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். மெல்லிய ஊசி போட்ட சிரிஞ்சில் ஒரு மில்லி போதும், அதற்குமேல் ஏற்றாதீர்கள், கைச்சூட்டிலேயே தானாகச் சொட்ட ஆரம்பிக்கும். சிரிஞ்சின் உள்ளே இருக்கும் கருப்பு ரப்பர் சிறிது நேரத்தில் உப்பி அழுத்த முடியாமல் இறுகிவிடும், பலம் போட்டு அழுத்தினால் ஒரே பீய்ச்சாகப் பீய்ச்சும், என் கண்ணாடிக்கு நடந்தது அதுதான். கண்ணாடி சிரிஞ்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. ஊசி முனையை உள்மூலையில் வைத்து ஒரே சீராக இழுத்துக்கொண்டு போங்கள், திரி எண்ணெயை இழுப்பது போல இடுக்கு தானே திரவத்தை இழுத்துக்கொள்ளும், கண்ணாலேயே பார்க்கலாம், வெள்ளையாக இருந்த விளிம்பு தண்ணீர் பட்ட மாதிரித் தெளிந்துகொண்டே போகும். தெளியாமல் நின்ற இடம் ஒட்டாத இடம். பத்து எண்ணும் வரை அசைக்காமல் இருந்து, பிறகு லேசாக, லேசாக மட்டும், அழுத்துங்கள். பலமாக அழுத்தினால் கரைந்ததெல்லாம் வெளியே பிதுங்கி வந்து ஒட்டு பலவீனமாகும். பத்து நிமிடத்தில் கையில் எடுக்கலாம், சுமை ஏற்றுவதற்கு ஒரு நாள் பொறுக்கவேண்டும்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. ஒட்டு முழுக்க விபூதி பூசிய மாதிரி வெளுத்துவிடும். திரவம் வேகமாகப் பறக்கும்போது அந்த இடம் குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதில் படிந்து கலந்துவிடுவதால் வருவது. கடற்கரை ஊர்களில் மழையில்லாத நாளிலும் இது உண்டு. காலையில் சீக்கிரம் தொடங்காமல் வெயில் ஏறி ஈரம் குறைந்தபிறகு ஒட்டினால் பெருமளவு தீரும். அப்படியும் வெளுத்தால் நல்ல நாளில் வேறு துண்டு வெட்டிச் செய்வதுதான் மரியாதை.

இடைவெளி கொஞ்சம் இருந்தே தீரும் என்றால், அதே அக்ரிலிக்கின் தூளையோ சிறு சில்லுகளையோ எம்.டி.சி.யில் போட்டு ஒரு ராத்திரி மூடிவைத்தால் தேன் பதத்தில் ஒரு கூழ் கிடைக்கும், அதை நிரப்பலாம். பெரிய மீன்தொட்டியை இப்படி ஒட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். தண்ணீரின் எடை தாங்கும் ஒட்டுக்கு இரண்டு பாகம் கலக்கும் அக்ரிலிக் பசை தனியாக இருக்கிறது.

குளோரோஃபார்ம் பற்றியும் ஒரு வார்த்தை. பல கடைகளில் உண்மையிலேயே அதுதான் கொடுக்கிறார்கள். அதன் கொதிநிலை 61 டிகிரி, மெதுவாகப் பறக்கும், ஒட்டு வெளுப்பது குறைவு, அதனால் கைக்கு வசதி. ஆனால் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல், வெளிச்சமும் காற்றும் பட்டு நாளானால் பாட்டிலுக்குள்ளேயே பாஸ்ஜீன் உண்டாகும், ஆகவே எப்போதோ வாங்கி மூலையில் கிடக்கும் பாட்டிலைத் திறக்காதீர்கள். சினிமாவில் கர்சீப்பில் நனைத்து மூக்கில் வைத்ததும் ஆள் சரிவது கட்டுக்கதை, மயங்க நிமிடக்கணக்கில் ஆகும். மயங்கவைக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. 1847-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் சிம்ப்சன் என்ற மருத்துவர் இதை மயக்க மருந்தாகக் கொண்டுவந்தார், 1848 ஜனவரியிலேயே கால்விரல் நகம் எடுக்கப் போன ஹானா கிரீனர் என்ற பதினைந்து வயதுப் பெண் மருத்துவர் கண்ணெதிரிலேயே இறந்துபோனாள்.

பெயின்ட் உரிப்பது

காரைக்குடிப் பக்கம் வாங்கிய பழைய தேக்குக் கதவு, அதன்மேல் பச்சை எனாமல், அதற்கடியில் நீலம், அதற்கடியில் வேறென்னவோ என்று ஐந்து பூச்சு. ரிமூவரைத் தடவி கால் மணி நேரம் விட்டால் அத்தனையும் பழுத்த தோல் மாதிரிச் சுருண்டு எழும்பும், பட்டி பிளேடால் வழித்தால் மரம் தெரியும். பார்க்கவே ஆசையாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன், இந்த வேலையை இதைவிட வேகமாகச் செய்கிற சரக்கு நான் பார்த்ததில்லை. சிறிய மூலக்கூறு பூச்சுக்குள் நுழைந்து அதை உப்பவைத்து மரத்திலிருந்து பிரித்துவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம். ஆவியாகாமல் இருக்க மெழுகு கலந்து கூழாக வரும், தடவியபின் மேலே பிரஷ்ஷை ஓட்டிக்கொண்டே இருந்தால் அந்த மெழுகுப் படலம் கிழிந்து ஆவிதான் அதிகமாகும். ஒரே பக்கமாகத் தடவிவிட்டு, எழுந்து தள்ளிப் போய்விடுங்கள்.

அக்ரிலிக்கில் மில்லிக் கணக்கு, இங்கே லிட்டர் கணக்கு. அமெரிக்காவில் பழைய குளியல் தொட்டியின் பூச்சை இதைக் கொண்டு உரிக்கும் தொழிலாளர்கள் 2000 முதல் 2011 வரை 13 பேர் இறந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் வெளியிட்டது. சின்னக் குளியலறை, குனிந்து தொட்டிக்குள் தலையை விட்டு வேலை, கனமான ஆவி தொட்டிக்குள்ளேயே தேங்கிக் கிடக்கிறது. ஐந்துக்கு ஏழு குளியலறையில் முன்பு போட்ட அதே கணக்கைப் போட்டால் 100 மில்லிக்கே உயிராபத்து அளவின் ஒன்றரை மடங்குக்கு மேல் வந்துவிடும். ஐரோப்பாவில் பொதுமக்களுக்கு விற்கும் ரிமூவரில் இது இருக்கக் கூடாது என்று 2012-க்குள் நிறுத்திவிட்டார்கள், அமெரிக்காவில் 2019-இல். ஆக, குளியலறை, தண்ணீர்த் தொட்டி, சம்ப், பரண், படிக்கட்டுக்கு அடி, இங்கெல்லாம் இந்த ரிமூவரைத் திறக்கவே கூடாது. கதவைக் கழற்றித் தெருத் திண்ணைக்கோ தோட்டத்துக்கோ கொண்டுவாருங்கள். கழற்ற முடியாத சட்டம் என்றால் ஹீட் கன், பென்சைல் ஆல்கஹால் வகை ரிமூவர், அல்லது பொறுமையாகச் சுரண்டல். பழைய எனாமலில் ஈயம் இருக்கும் என்பதால் ஹீட் கன்னையும் புகை வருகிற அளவுக்குச் சூடாக்காதீர்கள், காய்ந்ததை உப்புத்தாளால் தேய்க்கவும் வேண்டாம்.

துடைத்த துணி, உரித்த பூச்சு எதையும் வீட்டுக்குள் குப்பைக்கூடையில் போட்டு மூடாதீர்கள், ஆள் நடமாட்டம் இல்லாத வெட்டவெளியில் முழுக்கக் காயவிடுங்கள். மிச்சத்தைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். தண்ணீரைவிடக் கனம் என்பதால் மிதக்காமல் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீர் வரை போய்விடும், பக்கத்து வீட்டுப் போர்வெல்லில் வந்தால் அதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

ஆள் விழுந்தால்

தலை கிறுகிறுப்பு, உளறல், சம்பந்தமில்லாத சிரிப்பு, இவைதான் முதல் அறிகுறி. உங்களுக்கே தோன்றினால் பாட்டிலை மூடக்கூட நிற்காமல் வெளியே வாருங்கள். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் அவசரப்பட்டுப் பாயாதீர்கள், கழிவுநீர்த் தொட்டியில் ஒருவரைத் தூக்க இறங்கி அடுத்தடுத்து இரண்டு மூன்று பேர் போகிற செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம். கதவு, ஷட்டர், ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து, கத்தி ஆளைக் கூட்டி, 108-க்கு அழையுங்கள். தொட்டி, குழி மாதிரி இடம் என்றால் உள்ளே இறங்கவே இறங்காதீர்கள், மூச்சுக் கருவியோடு வருகிற தீயணைப்புத் துறைக்காகக் காத்திருங்கள். கண்ணில் பட்டால் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், கடிகாரத்தைப் பார்த்து. உடையில் கொட்டினால் வெட்கம் பார்க்காமல் உடையைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். குடித்துவிட்டவரை வாந்தி எடுக்கவைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

ஆஸ்பத்திரியில் ‘கெமிக்கல் வாசம் பட்டுவிட்டது’ என்று மொட்டையாகச் சொல்லாமல், டைகுளோரோமீத்தேன் என்று பெயரைச் சொல்லி பாட்டில் லேபிளை போனில் படமெடுத்துக் காட்டுங்கள், உடம்புக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால், அந்தக் கருவிக்கு ரத்தத்தில் ஏறியிருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, ரத்தத்தை எடுத்து கார்பாக்ஸிஹீமோகுளோபின், அதாவது கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், வந்த உடனே பார்த்தது குறைவாக இருந்தாலும் சில மணி நேரம் கழித்து இன்னொரு முறை.